ஐரோப்பிய ஒப்பந்தம் வந்தாச்சு... ஒரகடத்தில் ஐரிஷ் விஸ்கி விலை குறையுமா?

‘ஒயின் ஷாப்’ எங்கே இருக்குன்னு கேட்டா தமிழ்நாட்டில் யாரும் வழி சொல்லிடுவாங்க. அந்த ஒயின் ஷாப்பில் போய் ஒயின் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான கடைகளில் பின்வரிசையில் தூசி படிந்த ஒன்றிரண்டு ரகம்தான் இருக்கும். பெயர் மட்டும்தான் ஒயின் ஷாப்.

இந்தப் பிரச்சினை ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோவும் டெய்ம்லரும், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் என்று உலகமே அந்தச் சாலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கொரிய மொழியில் போர்டு வைத்த உணவகங்கள் இருக்கின்றன. ஆடிட்டுக்கு ஜெர்மனியிலிருந்து ஆள் வருகிறார், டிரெயினிங்குக்கு நம் ஆட்கள் சியோல் போகிறார்கள். ஆனால், வந்த விருந்தாளிக்கு ஒரு நல்ல பாட்டில் வாங்கிக் கொடுக்கணும்னா சென்னை மால்களில் இருக்கும் எலைட் கடைக்குத்தான் வண்டியை விடணும்.

ஒரகடத்தில் வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் இருக்கும் நண்பர் அப்படி அலைய மனமில்லாமல், ‘டியூட்டி ஃப்ரீ சரக்கு, பாதி விலை’ என்று வாட்ஸ்அப்பில் வந்த ஐரிஷ் விஸ்கியை வாங்கினார். மூடியைத் தொட்டதுமே சுழன்றது. சீல் ஏற்கெனவே உடைந்திருந்தது. உள்ளே இருந்தது விஸ்கிதானா என்றுகூட அவருக்குத் தெரியாது. குடிக்காமல் சிங்க்கில் ஊற்றிவிட்டார். போனது பணம் மட்டும்தான் என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை. “ஐரோப்பாவோட ஒப்பந்தம் போட்டாச்சே, ஒயினுக்கும் விஸ்கிக்கும் வரியைக் குறைச்சிட்டாங்களே... இனிமே இங்கேயே நல்ல பாட்டில் சரியான விலைக்குக் கிடைக்குமா?”

முதலில், என்ன மாறுகிறது?

இந்தியா - ஐரோப்பிய ஒன்றியம் இடையே தடையற்ற வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டதாக 2026 ஜனவரி 27 அன்று டெல்லியில் அறிவிக்கப்பட்டது. இப்போது வெளிநாட்டு ஒயின், விஸ்கி எதுவாக இருந்தாலும் பொதுவான இறக்குமதி வரி 150%. இதில் 50% சுங்க வரி, 100% வேளாண் கட்டமைப்பு மேம்பாட்டு செஸ். 2021 பட்ஜெட்டிலிருந்து கணக்கு இப்படித்தான். ஒப்பந்தம் அமலுக்கு வந்தால் ஐரோப்பிய ஒயினுக்கு இது முதலில் 75% ஆகும். பிறகு படிப்படியாக, ஒயினின் விலை ரகத்தைப் பொறுத்து 30% அல்லது 20% வரை இறங்கும். மிக மலிவு ரக ஒயினுக்குச் சலுகை கிடையாது. இந்தியத் திராட்சை விவசாயிக்காக வைத்த வேலி அது. விஸ்கி உள்ளிட்ட மதுவகைகளுக்கு கடைசியில் 40%.

‘அமலுக்கு வந்தால்’ என்பதைக் கவனியுங்கள். இதை எழுதும்போது பேச்சுவார்த்தைதான் முடிந்திருக்கிறது. சட்ட வாசகங்கள் சரிபார்க்கப்பட்டு, கையெழுத்தாகி, ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஒப்புதல் தர வேண்டும். எனவே இந்த வாரக் கடைசியில் விலை குறைந்திருக்கும் என்று கிளம்பிவிடாதீர்கள்.

இந்தச் சலுகை நமக்குச் சும்மா வரவில்லை. இதே ஒப்பந்தத்தில் ஐரோப்பியக் கார்களுக்கான வரி 110%-லிருந்து படிப்படியாக 10% வரை இறங்குகிறது, ஆண்டுக்கு 2.5 லட்சம் கார்கள் என்ற உச்சவரம்புடன். கார் உதிரிபாகங்களுக்கான வரி கட்டங்கட்டமாக நீங்குகிறது. அதாவது, ஒரகடம் தொழிற்பேட்டைக்காரர்கள் செய்யும் பொருளும், சனிக்கிழமை மாலை அவர்கள் தேடும் பொருளும் ஒரே ஒப்பந்தத்தின் பக்கங்களில் இருக்கின்றன. ஒன்றில் போட்டி கூடும். இன்னொன்றில் விலை குறையணும். குறையுமா என்பதுதான் கேள்வி.

ஐரிஷ் விஸ்கிக்கு இரண்டு வழி

இங்கே ஒரு சுவாரஸ்யமான சிக்கல் இருக்கிறது. ‘ஐரிஷ் விஸ்கி’ என்ற பெயர் அயர்லாந்து தீவு முழுவதற்கும் சொந்தம். ஆனால், தீவில் இரண்டு ஆட்சி. ஜேம்சன் தயாராகும் மிடில்டன், கார்க் மாவட்டத்தில் இருக்கிறது. அது அயர்லாந்து குடியரசு, எனவே ஐரோப்பிய ஒன்றியம். புஷ்மில்ஸ் தயாராவது வட அயர்லாந்தில். அது பிரிட்டன்.

பிரிட்டனோடு நமக்குத் தனி ஒப்பந்தம் இருக்கிறது. 2025 ஜூலை 24-ல் கையெழுத்தானது. அதன்படி விஸ்கிக்கு வரி அமலாகும் நாளில் 150%-லிருந்து 75% ஆகும், பத்தாவது ஆண்டில் 40%. ஆகவே ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஐரிஷ் பாட்டில்கள் வெவ்வேறு ஒப்பந்தம் வழியாக, வெவ்வேறு வேகத்தில் விலை இறங்கலாம். அமெரிக்க போர்பன் விஸ்கி கதை இன்னும் வேறு. அதற்கு 2025 பிப்ரவரியிலேயே 150%-ஐ 100% ஆக்கிவிட்டார்கள்.

சரி, கடை விலை குறையுமா?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். இது புரிவதற்காக நாமே வைத்துக்கொள்ளும் எண். எந்த பிராண்டின் உண்மை விலையும் அல்ல. ஒரு பாட்டில் சென்னைத் துறைமுகத்தில் 600 ரூபாய்க்கு வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 150% வரி சேர்ந்தால் 1,500 ரூபாய். வரி 40% ஆனால் 840 ரூபாய். சுங்கத்தில் மட்டும் 660 ரூபாய் மிச்சம். நல்ல விஷயம்தான்.

ஆனால், நீங்கள் துறைமுகத்தில் போய் வாங்கப்போவதில்லை. இறக்குமதியாளரின் லாபம், மாநில அரசின் தீர்வை, டாஸ்மாக்கின் பங்கு, மதிப்புக் கூட்டு வரி எல்லாம் ஏறி அது கடையில் 3,000 ரூபாய்க்கு நிற்கிறது என்போம். மேலே ஏறியது 1,500 ரூபாய். இந்த 1,500 அப்படியே இருந்தால் புதிய விலை 2,340. சுங்க வரி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிய பிறகும் உங்களுக்குக் கிடைப்பது 22% தள்ளுபடிதான். மாறாக, மேலே ஏறுவதெல்லாம் சதவீதக் கணக்கில் ஏறினால் விலை 1,680-க்கு வந்துவிடும். மூன்றாவது ஒரு வழியும் உண்டு: டெல்லி விட்டுக்கொடுத்த 660 ரூபாயை மாநிலம் தன் தீர்வையை ஏற்றி எடுத்துக்கொள்வது. அப்போது விலை அதே 3,000.

மூன்றாவது வழி கற்பனை இல்லை. ஏற்கெனவே நடந்திருக்கிறது.

மது ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கிறது. அரசமைப்புச் சட்டப்படி மது மாநிலப் பட்டியலில் வரும் விஷயம். உலக வர்த்தக அமைப்பில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் வழக்குப் போட்டதை அடுத்து, 2007 ஜூலையில் மத்திய அரசு வெளிநாட்டு மது மீதான கூடுதல் சுங்க வரியை நீக்கியது. உடனே மாநிலங்கள் தங்கள் பங்குக்குப் புதிய கட்டணங்களைப் போட்டன. 2008 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் மறுபடியும் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. இந்த முறை புகாரில் மகாராஷ்டிரா, கோவாவுடன் தமிழ்நாட்டின் பெயரும் இருந்தது. ஒரு கதவைத் திறந்தால் அடுத்த கதவு மூடுகிறது என்பதுதான் அன்றைக்கு ஐரோப்பியர்களின் புலம்பல்.

எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. 2021 நவம்பரில் மகாராஷ்டிர அரசு இறக்குமதி ஸ்காட்ச் மீதான கலால் வரியை 300%-லிருந்து 150% ஆகக் குறைத்தது. டெல்லி ஒரு பைசாகூடக் குறைக்கவில்லை. ஆனாலும் மும்பையில் பிரபல ஸ்காட்ச் பாட்டில்களின் விலை சுமார் மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. ஏன் குறைத்தார்கள்? இறக்குமதி ஸ்காட்ச்சிலிருந்து ஆண்டுக்கு 100 கோடி ரூபாய்தான் வருகிறது, வரி அதிகம் என்பதால் சரக்கு வெளிமாநிலத்திலிருந்து கள்ளத்தனமாக வருகிறது, குறைத்தால் 250 கோடி வரும் என்று கணக்குப் போட்டார்கள். கர்நாடகமும் 2024 ஆகஸ்ட் கடைசியில் பிரீமியம் மதுவகைகளின் தீர்வையைக் குறைத்தது. ஒசூர் எல்லையில் இருப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் யார் முடிவு செய்கிறார்கள்?

ஒரே ஒரு வாங்குபவர்தான்: டாஸ்மாக். 1983-ல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது; 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இன்றைக்கும் இதையெல்லாம் நடத்துவது 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான். துறையின் பெயரிலேயே ‘மதுவிலக்கு’ இருக்கிறது. (சிரிக்கலாம், தப்பில்லை.)

2024-25-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். இதில் பெரும்பகுதி நம்மூரிலேயே தயாராகும் மதுவிலிருந்தும் பீரிலிருந்தும் வருகிறது. ஒரகடத்திலிருந்து வண்டலூர் போகும் சாலையில் படப்பையிலேயே மது ஆலை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் மேவளூர்குப்பத்திலும் உண்டு. கார் மட்டுமல்ல, இந்தப் பகுதி ‘குவார்ட்டரும்’ தயாரிக்கும் பகுதிதான்.

இந்தக் கணக்கில் வெளிநாட்டு ஒயினும் ஐரிஷ் விஸ்கியும் சோற்றில் உப்பு அளவு. என் கணிப்பில் சிக்கலே அங்கேதான். குறைத்தால் அரசுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. குறைக்காவிட்டாலும் கேட்க ஆள் இல்லை. ‘சாராய விலையைக் குறைத்த அரசு’ என்று தேர்தல் மேடையில் பேர் வாங்க எந்தக் கட்சியும் விரும்பாது. தனியார் கடைகள் இருக்கும் ஊரில், பக்கத்துக் கடையை விட நல்ல ரகம் வைக்கணும்னு ஒரு கடைக்காரர் புது ஒயினை இறக்கிப் பார்ப்பார். இங்கே அந்தப் போட்டி இல்லை. எழும்பூரில் இருக்கும் தலைமை அலுவலகத்தின் பட்டியலில் ஒரு பிராண்ட் ஏறினால்தான் அலமாரிக்கு வரும். ஆக, விலை குறைவதைவிடப் பெரிய கேள்வி, பாட்டில் பட்டியலுக்குள் வருமா என்பதே.

ஆஸ்திரேலிய ஒயினை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பர் 29-லேயே அந்த நாட்டோடு ஒப்பந்தம் அமலுக்கு வந்துவிட்டது. 5 டாலருக்கு மேற்பட்ட பாட்டிலுக்கு வரி 150%-லிருந்து 100% ஆகி, பத்தாண்டில் 50%-க்கு இறங்கும். 15 டாலருக்கு மேல் என்றால் 75%-ல் தொடங்கி 25% வரை. மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகச் சலுகை ஓடிக்கொண்டிருக்கிறது. ‘ஆஸ்திரேலிய ஒயின் செம சீப் ஆயிடுச்சு’ன்னு உங்க ஆபீஸ்ல யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

அதுவரை எதை வாங்கலாம்?

முதலில் ஐரிஷ். இது ஸ்காட்ச் மாதிரிதானே என்று நினைக்கிறவர்கள் உண்டு. சட்டப்படி அயர்லாந்துத் தீவில் வடித்து, மரப்பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஊறியிருக்க வேண்டும். பெரும்பாலும் மூன்று முறை வடிப்பார்கள் (இது வழக்கம்தான், கட்டாயம் அல்ல). அதனால் தொண்டையில் எரிச்சல் குறைவு. புகை வாசனையும் பொதுவாக இருக்காது. கனமாரா போன்ற ஒன்றிரண்டு விதிவிலக்கு.

ஐரிஷின் தனி அடையாளம் ‘சிங்கிள் பாட் ஸ்டில்’. முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத பச்சை பார்லியையும் சேர்த்து வடிப்பது. இது எப்படி வந்தது தெரியுமா? 18-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அரசு முளைகட்டிய பார்லிக்கு வரி போட்டது. வரியைக் குறைக்க, டப்ளின்காரர்கள் முளைகட்டாத பார்லியைக் கலந்தார்கள். வரிக்குப் பயந்து செய்த வேலை, அந்த ஊரின் ருசியாகிவிட்டது. நாக்கில் எண்ணெய் படிந்த மாதிரி ஒரு வழவழப்பும், லேசான மசாலாக் காரமும் இருக்கும்.

நம்மூர் எலைட் கடைகளில் ஐரிஷ் என்றால் பெரும்பாலும் ஜேம்சன்தான். அதில் குறை ஒன்றும் இல்லை. பாட் ஸ்டில்லும் தானிய விஸ்கியும் கலந்த, முதல்முறை ஐரிஷ் பக்கம் வருகிறவர்களுக்குப் பொருத்தமான பாட்டில். அதன் பிளாக் பேரல் ரகம் கிடைத்தால் கூடுதல் காசுக்குத் தகும், ஏனென்றால் உட்புறம் நன்றாகக் கருக்கிய பீப்பாயில் ஊறியது. புஷ்மில்ஸ் கண்ணில் பட்டால் பிளாக் புஷ்ஷை எடுங்கள். மால்ட் அளவு அதிகம், ஷெரி பீப்பாயில் ஊறியதால் உலர்திராட்சை வாசம் வரும். விலைக்குத் தரும் ருசியைப் பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

வெளிநாடு போய் வருகிறவர் என்றால், டியூட்டி ஃப்ரீயில் ஜேம்சனைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அது இங்கேயே கிடைக்கிறது. இங்கே கிடைக்காத ரெட்பிரெஸ்ட் 12, கிரீன் ஸ்பாட் இரண்டில் ஒன்றை எடுங்கள். இரண்டுமே சிங்கிள் பாட் ஸ்டில். டீலிங் ஸ்மால் பேட்சும் நல்ல தேர்வு. ரம் பீப்பாயில் முடித்தது, 46% ஆல்கஹால். ஒரு பயணிக்கு 2 லிட்டர்தான் அனுமதி. வெளிநாட்டில் பாட்டில் பெரும்பாலும் 700 மில்லி, இங்கே 750 மில்லி. விலையை ஒப்பிடும்போது இதை மறந்துவிடுகிறோம்.

ஒயினுக்கு வருவோம். இங்கே நான் சொல்வது கொஞ்சம் உள்ளூர்ப் பாசமாகக்கூடத் தெரியலாம். ஐரோப்பிய வரி இறங்கும்வரை, அதே காசுக்கு இந்திய ஒயின்தான் புத்திசாலித்தனம். சுங்க வரி இல்லாததால், கொடுக்கும் பணத்தில் கூடுதல் பங்கு உள்ளே இருக்கும் திராட்சைக்குப் போகிறது. ஸ்ரீபெரும்புதூர் வழியே போகும் அதே பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்துப் போனால், பெங்களூருவைத் தாண்டியதும் நந்தி மலை அடிவாரம். அங்கேதான் குரோவர் ஜாம்பாவின் தோட்டம். அவர்களுடைய லா ரிசர்வ், கேபர்நே சாவிஞோனும் ஷிராஸும் கலந்த சிவப்பு ஒயின். பிரெஞ்சு நிபுணர் மிஷேல் ரோலாந்தின் ஆலோசனையில் உருவானது. அக்லூஜில் ஃபிராடெல்லி செய்யும் செட்டே, நாசிக்கில் சூலாவின் டிண்டோரி ரிசர்வ் ஷிராஸ், ஹம்பி பக்கம் கிருஷ்மாவின் கேபர்நே ஆகியவையும் விருந்தாளி முன்னால் கூச்சப்படாமல் வைக்கக்கூடியவை.

காரமான சாப்பாடு என்றால் சிவப்பு ஒயினை விட்டுவிடுங்கள். செட்டிநாட்டு மிளகுக் காரத்தோடு அந்தத் துவர்ப்பு சேர்ந்தால் வாய் கசந்துவிடும். லேசாக இனிப்பு தெரியும் ஷெனின் பிளாங்க்கை நன்றாகக் குளிரவைத்து வஞ்சிரம் வறுவலோடு வைத்துப் பாருங்கள். தேனி மாவட்டத்தில் ஆண்டு முழுக்கக் காய்க்கும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதிலிருந்து உலகம் பேசும் ஒயின் ஒன்று ஏன் வரவில்லை என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

‘ரெட் ஒயின் குடிச்சா கலர் வரும், இதயத்துக்கு நல்லது’ என்று சொல்லி விற்பவர்களிடம் காது கொடுக்க வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023 ஜனவரியிலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ருசிக்காக என்றால் ருசிக்காக, அவ்வளவுதான்.

பாட்டிலைக் கையில் எடுத்ததும்...

பின்பக்க லேபிளைப் படியுங்கள். ‘அயர்லாந்தில் பாட்டில் செய்யப்பட்டது’ என்பதும் ‘இந்தியாவில் பாட்டில் செய்யப்பட்டது’ என்பதும் ஒன்றல்ல. பல ஸ்காட்ச் பிராண்டுகள் பீப்பாயில் வந்து இங்கே பாட்டிலாகின்றன. தரக்குறைவு என்று அர்த்தமில்லை. ஆனால், அதற்கு இறக்குமதி பாட்டில் விலை கொடுக்கக் கூடாது. முறையாக வந்த இறக்குமதி பாட்டிலில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண், எச்சரிக்கை வாசகம், மாநில அரசின் ஹாலோகிராம் ஆகியவை இருக்கும். டியூட்டி ஃப்ரீ பாட்டிலில் ஹாலோகிராம் இருக்காது. அதனால்தான் போலி விற்பவர்கள் எல்லாருமே ‘டியூட்டி ஃப்ரீ’ என்று சொல்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து நண்பர் கொண்டுவருவார் என்பதும் வேண்டாம். சோதனைச் சாவடியில் மதுவிலக்குப் பிரிவிடம் மாட்டினால் உங்கள் பாஸ்போர்ட், பணிச் சரிபார்ப்பு எல்லாவற்றிலும் அந்த வழக்கு பின்னாலேயே வரும்.

ஒயின் என்றால் இன்னும் ஒரு வேலை. நம்ம ஊர் மே மாத வெயிலில், ஏசி இல்லாத கிடங்கில் நின்ற ஒயின் வெந்த திராட்சை மாதிரி ஆகிவிடும். கார்க் மேலே தள்ளிக்கொண்டு வந்திருந்தாலோ, கழுத்தில் கசிவு இருந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். திருகுமூடி போட்ட பாட்டில் மட்டம் என்று நினைக்க வேண்டாம், நம் சூட்டுக்கு அதுதான் வசதி. வெள்ளை ஒயினில் ஆண்டு பார்த்துப் புதியதாக வாங்குங்கள். விஸ்கிக்கு அந்தக் கவலை இல்லை. பாட்டிலுக்குள் போன பிறகு அதற்கு வயது ஏறாது. நேராக நிறுத்தி வையுங்கள், போதும். திறந்த ஒயினை ஃபிரிட்ஜில் வைத்தாலும் நான்கைந்து நாளைக்குள் முடித்துவிட வேண்டும்.

நண்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எலைட் கடைக்கே போய் லா ரிசர்வ் ஒன்று வாங்கினார். ஆடிட்டுக்கு வந்த ஜெர்மானியர் லேபிளைப் பார்த்துவிட்டு, “இந்தியாவில் ஒயின் செய்வீர்களா?” என்று கேட்டாராம். ஊருக்குப் போகும்போது இன்னும் இரண்டு பாட்டில் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அதற்கு மறுபடியும் சென்னைக்குத்தான் போகணும்.